சாவி போட்டால் 101 காட்டுகிறது, அதனால் சென்சார் கணக்கு சரியென்று நம்பலாமா?

கேள்வி நீளமாக இருந்ததால் முதலில் நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோயம்புத்தூரில் பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றில் டர்போ ஏற்றி, ஸ்பீடுவினோ ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்து ஓட்டுகிறீர்கள். போர்டிலேயே இருந்த 2.5 பார் மேப் சென்சார், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது, செத்துப்போனது. அதற்குப் பதிலாக பாஷ் 3 பார் சென்சார் ஒன்றை வெளியே தனியாக மாட்டினீர்கள். அதன் டேட்டாஷீட்டில் 20 முதல் 300 கிலோபாஸ்கல், 0.40 முதல் 4.65 வோல்ட் என்று இருந்தது. மென்பொருள் 0 வோல்ட்டில் எவ்வளவு, 5 வோல்ட்டில் எவ்வளவு என்று கேட்டதற்கு 20, 300 என்று நிரப்பினீர்கள். சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தபோது 107 காட்டியது. போனில் வானிலை ஆப் 1010 ஹெக்டோபாஸ்கல் என்றது, அதாவது 101 கிலோபாஸ்கல். 6 கூடுதலாக இருக்கிறதே என்று இரண்டு எண்ணிலும் 6 கழித்து 14, 294 ஆக்கினீர்கள். இப்போது 101 காட்டுகிறது. ஆனால் ஐட்லிங்கில் பெட்ரோல் வாடையும் கரும்புகையும். பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் அழுத்தம்) ஏறும்போதோ, காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்டில் முன்பு 11.8 நின்ற இடத்தில் இப்போது 12.5 நிற்கிறது, அதாவது பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்திருக்கிறது. சென்சார் போலியா, அல்லது இதை எங்காவது கொடுத்து கேலிபரேட் செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

சென்சாரைச் சந்தேகிக்க இதுவரை ஒரு காரணமும் இல்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாமே அந்த 14, 294 என்ற இரண்டு எண்ணிலிருந்தே வந்துவிடும். கணக்குப் போட்டே காட்டுகிறேன். இன்ஜின் டெஸ்ட் பெட்டில் பிரஷர் லைன்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். சென்சார் பொய் சொன்ன நாட்கள் குறைவு. அது சொன்னதை நாங்கள் தப்பாகப் படித்த நாட்கள்தான் அதிகம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்த வகை சென்சாருக்குள் நீங்களோ நானோ திருப்பிச் சரிசெய்ய ஒரு திருகும் கிடையாது. தொழிற்சாலையிலேயே அதைச் சரிபார்த்து, திருத்தி, மூடி அனுப்பிவிடுகிறார்கள். நாம் கேலிபரேஷன் என்று சொல்வது, அது தரும் வோல்ட்டை ஈசியு எந்தக் கணக்கில் கிலோபாஸ்கலாக மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதைத்தான். அது ஒரு நேர்கோடு. நேர்கோட்டை நிர்ணயிக்க இரண்டு புள்ளிகள் வேண்டும். உங்கள் டேட்டாஷீட் அந்த இரண்டையும் கொடுத்திருக்கிறது: 0.40 வோல்ட்டில் 20, 4.65 வோல்ட்டில் 300. ஆனால் மென்பொருள் வேறு இரண்டு இடங்களில் கேட்கிறது: 0 வோல்ட், 5 வோல்ட். நீங்கள் முதல் ஜோடியின் பதிலை இரண்டாவது ஜோடியின் பெட்டியில் போட்டுவிட்டீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இதைச் செய்யாதவர்கள் குறைவு.

சரியான கணக்கு இப்படி. 4.65இலிருந்து 0.40ஐக் கழித்தால் 4.25 வோல்ட். அந்த 4.25 வோல்ட்டுக்குள் 280 கிலோபாஸ்கல் அடங்குகிறது. ஆக ஒரு வோல்ட்டுக்கு 65.88. அதே கோட்டைக் கீழே 0 வோல்ட் வரை நீட்டினால், 20இலிருந்து 0.40 பெருக்கல் 65.88 கழிய வேண்டும்: மைனஸ் 6.35. மேலே 5 வோல்ட் வரை நீட்டினால் 323. பெட்டி முழு எண் மட்டும் ஏற்றுக்கொண்டால் மைனஸ் 6, 323 என்று போடுங்கள். வித்தியாசம் அரை கிலோபாஸ்கலுக்குள்தான் வரும்.

காற்றழுத்தம் எப்படி மைனஸ் ஆகும் என்று கேட்கத் தோன்றும். ஆகாது. சென்சார் ஒருநாளும் அந்த இடத்துக்குப் போகாது, அது வெறும் கோட்டின் நீட்சி. 0.40க்குக் கீழேயும் 4.65க்கு மேலேயும் இருக்கும் இடத்தைத் தயாரிப்பாளர் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார். ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ சிக்னல் 0 பக்கமோ 5 பக்கமோ போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலி இடத்தில் சிக்னல் நின்றால் அது அழுத்தம் இல்லை, கோளாறு என்று ஈசியு கண்டுகொள்ளலாம். கம்பெனிக் கார்களில் பி0107, பி0108 என்ற கோளாறு எண்கள் (ஃபால்ட் கோட்) இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இப்போது உங்கள் 14, 294ஐ எடுத்துக்கொள்வோம். அந்தக் கோட்டில் ஒரு வோல்ட்டுக்கு 56 கிலோபாஸ்கல்தான். உண்மையான 65.88ஐ விடச் சாய்வு குறைவு, தொடக்கமோ மேலே. இரண்டு கோடும் எங்கோ ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளத்தான் வேண்டும். கணக்குப்படி அது 129 கிலோபாஸ்கலில் வருகிறது. அதற்குக் கீழே எல்லா இடத்திலும் ஈசியு உள்ளதை விட அதிகமாகப் படிக்கும், மேலே எல்லா இடத்திலும் குறைவாகப் படிக்கும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் உண்மையாக 35 இருந்தால் சென்சார் 0.63 வோல்ட் தரும், ஈசியு அதை 49 என்று படிக்கும். உங்கள் ஈசியு காற்றை நேரடியாக அளப்பதில்லை. அழுத்தம், வெப்பநிலைக்கான திருத்தம், விஇ டேபிள் (சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்பும் என்ற அட்டவணை) மூன்றையும் பெருக்கித்தான் பெட்ரோலை முடிவு செய்கிறது. 35ஐ 49 என்று நம்பினால் பெட்ரோல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். உங்கள் கரும்புகை அதுதான். பூஸ்ட்டில் உண்மையாக 200 இருக்கும்போது அதே ஈசியு 189 என்று படிக்கிறது, பெட்ரோல் 5 சதவீதம் குறைகிறது. 11.8ஐ 5 சதவீதம் மெலிய வைத்தால் 12.4, 12.5 வரும். உங்கள் வைட்பேண்ட் சொன்னதும் அதையேதான்.

பெட்ரோல் மெலிவது மட்டும் என்றால் பரவாயில்லை. இக்னிஷன் டேபிளும் இதே எண்ணைப் பார்த்துத்தான் நெருப்பு வைக்கிறது. லோடு குறைவு என்று நம்பினால் அட்வான்ஸை ஏற்றிவிடும், அதாவது நெருப்பை இன்னும் முன்கூட்டியே வைக்கும். மெலிந்த கலவை, கூடுதல் அட்வான்ஸ், உண்மையில் அதிக பூஸ்ட், மூன்றும் ஒரே நேரத்தில். பூஸ்ட்டை ஈசியுவே கட்டுப்படுத்துகிறது என்றால் இன்னும் மோசம். 180 வேண்டும் என்று நீங்கள் இலக்கு வைத்தால், தன் கண்ணுக்கு 180 தெரியும் வரை அது வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் அளவோடு நிற்கப் புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவை) மூடியே வைத்திருக்கும், உண்மையில் 189 ஏறியிருக்கும். எனவே இந்த எண்களை மாற்றும் வரை பூஸ்ட் ஏற்றி ஓட்டாதீர்கள். ஐட்லிங் புகையைப் பொறுத்துக்கொள்ளலாம், நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பதை, முடியாது. பல வருடம் முன்பு நண்பனின் இன்ஜினில் சாவி போட்டபோது எண் சரியாக வந்ததே என்று மேலே சரிபார்க்காமல் விட்டேன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையில் இருக்கும் விளிம்பு) உடைந்தது. அந்தப் பிஸ்டன் இன்னும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இதே கதைக்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது, அதில்தான் நீங்கள் உண்மையாக வழுக்கியது. வானிலை ஆப் சொல்லும் 1010 உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் காற்றின் அழுத்தம் இல்லை. ஊருக்கு ஊர் உயரம் மாறுவதால், ஒப்பிட வசதியாக எல்லா ஊரின் அழுத்தத்தையும் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று மாற்றித்தான் வெளியிடுகிறார்கள். சென்னையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே உண்மையான அழுத்தம் 96, 97 கிலோபாஸ்கல் சுற்றித்தான் இருக்கும். ஊட்டி 2240 மீட்டர், அங்கே 77 பக்கம். ஆப் மட்டும் ஊட்டியிலும் ஆயிரத்துச் சொச்சம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆக நீங்கள் 107ஐ 101க்கு இறக்கி நிம்மதியானீர்கள், அந்த 101ம் தப்பு. சாவி போட்டதும் வரவேண்டியது 96.5 பக்கம்.

சரி, உண்மையான எண் எங்கே கிடைக்கும்? பல போன்களுக்குள் பாரோமீட்டர் சிப் இருக்கிறது. அதை நேரடியாகப் படித்துக்காட்டும் ஆப் ஒன்றைப் போட்டால் போன் இருக்கும் இடத்தின் அழுத்தம் கிடைக்கும். அதில் கடல்மட்டத் திருத்தம் என்று ஒரு தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் போனில் சிப் இல்லையென்றால் நண்பர் போன் எதிலாவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் உயரத்தை வைத்துப் போட்ட கணக்கே போதும், ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள் வந்துவிடும். கூடவே ஈசியு இந்த சாவி போட்ட எண்ணை வெளிக்காற்றின் அழுத்தம் என்று நினைவில் வைத்து, உயரத்துக்கான திருத்தத்துக்கும் பயன்படுத்துகிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். பயன்படுத்தினால் தப்பான கணக்கு இரண்டு வழியில் உள்ளே நுழைகிறது.

96.5 வந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாம். 14, 294 உங்களை ஏமாற்றியது அதனால்தான். 101 என்ற ஒரே இடத்தில் பொருத்திவிட்டு மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டீர்கள். இரண்டாவது புள்ளி ஒன்று வேண்டும், முடிந்தால் மூன்றாவதும். இதற்கு லேப் தேவையில்லை. வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் இருந்தால் அலமாரியில் ஒரு நல்ல பிரஷர் கேஜ் தூங்கிக்கொண்டிருக்கிறது. டயல் வைத்த, பல்பைக் கையால் அழுத்தும் பழைய வகை பிபி மெஷினைச் சொல்கிறேன். நல்ல நிலையில் உள்ள மெஷின் 3 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். அது வெறும் 0.4 கிலோபாஸ்கல். காற்றடிக்கும் கடையில் கிடைக்கும் டயர் கேஜ் ஒரு பிஎஸ்ஐ தவறினாலே 7 கிலோபாஸ்கல் போய்விடும். தானாக ஊதி அளக்கும் டிஜிட்டல் மெஷின் உதவாது, அது தன் இஷ்டத்துக்குத்தான் ஊதும்.

செய்முறை எளிது. சென்சாரை மேனிஃபோல்டிலிருந்து கழற்றுங்கள், ஒயர் கனெக்டர் அப்படியே இருக்கட்டும். கையில் சுற்றும் துணிப்பையை ஒரு தண்ணீர் பாட்டிலில் இறுக்கிச் சுற்றுங்கள், காற்று நிற்க அது உதவும். டயலுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு டி மூட்டு போட்டு அதிலிருந்து சென்சார் மூக்குக்கு ஒரு குழாய் கொடுங்கள். மூக்கில் ஓ-ரிங் இருக்கும், அதன்மேல் இறுக்கமாக உட்காரும் குழாய் வேண்டும். டயலில் 300 வரை ஊதி நிறுத்துங்கள். முள் இறங்காமல் நின்றால் கசிவு இல்லை. 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 40 கிலோபாஸ்கல். வெளிக்காற்றோடு கூட்டினால் 136.5. லேப்டாப்பில் அது வர வேண்டும், மல்டிமீட்டரில் 2.17 வோல்ட் வர வேண்டும். உங்கள் இப்போதைய செட்டிங்கில் இதே இடத்தில் 135 காட்டும், கிட்டத்தட்ட சரி போலத் தோன்றும். 129இல் வெட்டிக்கொள்ளும் கோடு அல்லவா. அதனால் கீழ்ப்பக்கமும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கீழ்ப்பக்கத்துக்குக் கை வேக்கம் பம்ப் போதும், பிரேக் ஆயில் ப்ளீட் செய்ய வைத்திருப்பார்களே, அது. 20 இஞ்ச் பாதரசம் இழுத்தால் 67.7 கிலோபாஸ்கல் குறையும். 96.5இல் கழித்தால் 28.8, வோல்ட்டில் 0.53. அந்தப் பம்பின் டயலை மட்டும் முழுதாக நம்பாதீர்கள், மலிவான டயல்கள் ஆளுக்கு ஒன்று சொல்லும். பிபி மெஷினில் வேக்கம் இழுத்துப் பார்க்கவும் வேண்டாம், அது கெட்டுவிடும். எந்த டயலையும் நம்பாதவர் என்றால் கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் இருக்கிறது. ஒரு மீட்டர் தண்ணீர் 9.8 கிலோபாஸ்கல், இதற்கு சர்டிஃபிகேட் தேவையில்லை. மூன்று மீட்டர் வித்தியாசத்துக்கு மாடி வரை டியூபை ஏற்றினால் 29 கிடைக்கும். சென்சார் பக்கம் தண்ணீர் தொடாமல் காற்று இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். பொழுதுபோக்காக ஊட்டிக்குப் போவதாக இருந்தால் லேப்டாப்பை எடுத்துப்போங்கள். சாவி போட்டுப் பாருங்கள். சரியான கணக்கில் 77 வரும், 14, 294 இருந்தால் 85 வரும். மலைப்பாதையே ஒரு கேலிபரேட்டர்தான், என்ன, பெட்ரோல் செலவு அதிகம்.

கம்ப்ரஸரை நேரடியாகச் சென்சாரில் வைக்காதீர்கள். பட்டறை கம்ப்ரஸரில் 7, 8 பார் இருக்கும், உங்கள் சென்சார் 3 பாருக்கானது. ஒரு நொடி போதும்.

வோல்ட்டை அளக்கும்போது சில விஷயங்கள் கணக்கைக் குழப்பும். இந்த சென்சாரின் வெளியீடு அதற்குக் கொடுக்கும் 5 வோல்ட்டின் விகிதத்தில்தான் வரும். சப்ளை 4.90 என்றால் வெளியீடும் 2 சதவீதம் குறையும். ஈசியு தன் சொந்த 5 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் படிப்பதால், அதே 5 வோல்ட்டிலிருந்து சென்சாருக்கும் கொடுத்திருந்தால் அந்தத் தவறு தானாக அடிபட்டுப்போகும். தனி ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் எடுத்திருந்தால் அடிபடாது. எர்த்தும் அப்படித்தான். சென்சாரின் எர்த் ஈசியுவின் சென்சார் எர்த்துக்கே போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று இன்ஜின் பிளாக்கில் முறுக்கினால், ஃபேனும் இக்னிஷன் காயிலும் வேலை செய்யும்போது 50 மில்லிவோல்ட் எளிதாக ஏறிவிடும், உங்கள் சென்சாரில் அது 3 கிலோபாஸ்கலுக்கு மேல். சாவி போட்டபோது சரியாக இருந்து இன்ஜின் ஓடும்போது மட்டும் எண் துள்ளினால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

இன்னொன்று, இதை நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். போர்டில் இருந்த செத்த சென்சாரை எடுத்துவிட்டீர்களா, அல்லது அதன் சிக்னல் காலையாவது வெட்டினீர்களா? அது இன்னும் அதே லைனில் இருந்தால் இரண்டு சென்சாரும் ஒரே ஒயரில் ஆளுக்கு ஒரு வோல்ட்டைத் தள்ளும். அப்போது மேலே நான் போட்ட எந்தக் கணக்கும் பொருந்தாது. உங்கள் 107ம் 101ம் என் கணக்கோடு இவ்வளவு ஒட்டி வருவதைப் பார்த்தால் எடுத்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்கிறேன். 20, 300 என்பதை 0, 5 வோல்ட் பெட்டியில் போட்டது தப்பு, இது உறுதி. ஆப் காட்டிய 101 உங்கள் ஊரின் அழுத்தம் இல்லை, இதுவும் உறுதி. புகையும் மெலிவும் இந்த எண்களால் வந்தவை என்பது மிகவும் பொருந்தி வருகிறது. ஆனால் காரைப் பார்க்காமல் நான் சொல்லும் முடிவு அது. இன்டேக்கில் ஒரு குழாய் விரிசல் விட்டுக் கசிந்தாலோ ஒரு இன்ஜெக்டர் சொட்டினாலோ இதே அறிகுறியில் ஒரு பங்கு அவற்றுக்கும் இருக்கலாம். சென்சார் அசல்தானா என்பதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாஷ் பெயரில் நகல்கள் நிறையச் சுற்றுகின்றன, அச்சு அசலாகவே இருக்கும். அதற்கும் நீங்கள் அளக்கும் அந்த மூன்று வோல்ட் எண்கள்தான் பதில். சப்ளை 5.00 இருக்கும்போது வேக்கத்தில் 0.53, வெளிக்காற்றில் 1.56, பிபி மெஷினில் 2.17 பக்கம் வந்தால், அது எங்கே செய்யப்பட்டதாக இருந்தாலும் இந்த டேட்டாஷீட்டுக்கு நேர்மையாக இருக்கிறது. வெளிக்காற்றில் 1.1 பக்கம் காட்டினால் பெரும்பாலும் 4 பார் வகை ஒன்றை 3 பார் லேபிளோடு விற்றிருக்கிறார்கள். அப்போதும் தூக்கிப்போடத் தேவையில்லை. நீங்கள் அளந்த இரண்டு புள்ளிகளை வைத்து மேலே போட்ட அதே கணக்கைப் போட்டு, 0க்கும் 5க்கும் நீட்டி எழுதிக்கொள்ளுங்கள். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் விழாவிட்டால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் போர்டில் இருந்த எம்பிஎக்ஸ் 4250 வகை சென்சாருக்கே தயாரிப்பாளர் 1.5 சதவீதம் வரை தவறு அனுமதிக்கிறார், அது 3 கிலோபாஸ்கலைத் தாண்டும். சாய்வு தப்பாக இருந்தால்தான் பயம், சின்ன ஏற்ற இறக்கம் விஇ டேபிளில் கரைந்துவிடும்.

எண்களை மாற்றிய பிறகு உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து பழைய லாக் ஃபைல்கள். பழைய சென்சார் நன்றாக இருந்த காலத்தில், இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் நின்றபோது எத்தனை கிலோபாஸ்கல் என்று எடுத்துப் பாருங்கள். அதே ஆர்பிஎம்மில் இப்போதும் அதே எண் வந்தால் விஇ டேபிளைத் தொடவே தேவையில்லை, அது உண்மையான கிலோபாஸ்கலில் எழுதப்பட்டது. கரும்புகைக்குப் பயந்து இதற்கிடையில் ஐட்லிங் பகுதியில் விஇ எண்களைக் குறைத்து வைத்திருந்தால் பழைய டேபிளைத் திரும்ப ஏற்றுங்கள். இல்லாவிட்டால் சரியான கணக்கு வந்ததும் இன்ஜின் மெலிந்து நின்றுபோகும், நீங்கள் மறுபடி சென்சாரைத் திட்டுவீர்கள். பிறகு பூஸ்ட் கண்ட்ரோலை அணைத்து, வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்தபட்ச பூஸ்ட்டில் மட்டும் ஒரு ஓட்டம். வைட்பேண்ட் பழைய 11.8க்குத் திரும்பியதா என்று லாகில் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஓவர்பூஸ்ட் கட் எண்ணையும் (பூஸ்ட் எதைத் தாண்டினால் ஈசியு இன்ஜினை அடக்க வேண்டும் என்பது) ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் சென்சாரில் நான்கு பின் இருந்தால் அதற்குள் காற்றின் வெப்பநிலை அளக்கும் தெர்மிஸ்டரும் இருக்கிறது. அந்த ஒயரையும் இணைத்திருந்தால் அதன் கணக்கும் மாற வேண்டும். பாஷ் வகைகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம் இருக்கும், ஜிஎம் வகையில் 3.5 பக்கம். ஒன்றின் கணக்கில் மற்றொன்றைப் படித்தால் வெப்பநிலை சில டிகிரி நகரும். 10 டிகிரி தவறினால் பெட்ரோல் 3 சதவீதம் தவறும். காலையில் இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது சாவி போட்டு, காற்று வெப்பநிலையும் கூலன்ட் வெப்பநிலையும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். பழைய தனி சென்சாரையே விட்டிருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். மாட்டும்போது மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும், எண்ணெயும் ஈரமும் உள்ளே தங்காது. அதன் குழாயில் புளோ-ஆஃப் வால்வையோ பூஸ்ட் கேஜையோ பங்கு சேர்க்காதீர்கள்.

கம்பெனி டர்போ காருக்கு இதே கேள்வியோடு இங்கே வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே பார்ட் நம்பர் சென்சாரை மாற்றினால் கேலிபரேஷன் என்று தனியாக ஒன்றும் இல்லை. கோளாறு எண்களை அழித்து, பழைய கற்றல் மதிப்புகளை ரீசெட் செய்து, சாவி போட்ட நிலையில் ஸ்கேனரில் மேப் எண்ணும் பாரோ (வெளிக்காற்றின் அழுத்தம்) எண்ணும் ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு நியாயமான கூலி கொடுங்கள், சென்சாரை ட்யூன் செய்தேன் என்று கேட்கும் காசைக் கொடுக்காதீர்கள். கனெக்டர் பொருந்துகிறதே என்று வேறு நம்பர் போட்டால்தான் வம்பு. 0.40 முதல் 4.65 வோல்ட்டுக்குள் 250 வரை அளக்கும் சென்சாரின் இடத்தில் அதே வோல்ட்டுக்குள் 300 வரை அளப்பதை மாட்டினால், வெளிக்காற்று 100 இருக்கும்போது ஈசியு 86 என்று படிக்கும். பாரோவோடு ஒத்துப்போகவில்லை என்று பி0069 என்ற கோளாறு எண்ணைப் போட்டால் உங்கள் அதிர்ஷ்டம். போடாமல் விட்டால் அது 180 கேட்கும்போது இன்ஜினுக்குள் 215 போகும். அந்த ஈசியுவுக்குள் நாம் இரண்டு எண்ணை மாற்றி எழுதும் வசதி சாதாரணமாகக் கிடையாது, சரியான நம்பர் சென்சாரை வாங்குவதுதான் ஒரே வழி.

உங்களிடம் திரும்புகிறேன். மைனஸ் 6, 323 போட்டுவிட்டு அந்த மூன்று வோல்ட் எண்களையும், அளந்தபோது சப்ளை எவ்வளவு இருந்தது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். ஐட்லிங் லாக் ஒரு நிமிடத்துக்கு எடுத்துப் போட்டால் போதும், பூஸ்ட் லாக் இப்போது வேண்டாம். பிபி மெஷினை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், டி மூட்டைக் கழற்றிய பிறகு.